பரிமாற்றப் பருவம் விற்பனைச் சரக்கு அன்று

உதகை, குன்னூர்க் கல்லூரி வாசல்களிலும் சிறு தேயிலை விவசாயிகளின் வீட்டுத் திண்ணைகளிலும் ஒரு வதந்தி ஓயாமல் உலவுகிறது. ஐரோப்பாவின் தொன்மையான பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு செமஸ்டர் படிப்பதற்கான இடத்தைக் கீழே சமவெளியில் உள்ள ஏஜென்டிடம் சில லட்சங்களைக் கட்டி வாங்கிவிடலாம் என்றும், திரும்பி வரும்போது அப்பல்கலைக்கழகத்தின் பட்டமே கையில் இருக்கும் என்றும் அது சொல்கிறது. இதன் முற்பாதியும் பொய், பிற்பாதியும் பொய். பச்சைத் தேயிலை விற்ற காசையும் நகையை அடகு வைத்த பணத்தையும் இப்பேச்சை நம்பி எடுத்துக் கொடுக்க முன்வருவோர், பரிமாற்றப் பருவம் என்னும் ஏற்பாடு எவ்வாறு இயங்குகிறது என்பதை ஒருமுறையேனும் விசாரித்தறிய மறுப்பது வியப்புக்குரியது.

பரிமாற்றப் பருவம் என்பது, ஒரு நிறுவனத்தில் பட்டப்படிப்புக்குப் பதிவு பெற்ற மாணவர், அப்பதிவை விட்டுவிடாமலே ஒரு செமஸ்டரை வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கு ஈட்டிய கிரெடிட்டுகளைத் தம் சொந்தப் பட்டத்தில் சேர்த்துக்கொள்வதாகும். இதற்கு இரு நிறுவனங்களுக்கிடையே முன்பே கையெழுத்தான ஒப்பந்தம் வேண்டும். எந்த மாணவர் போவது என்பதைத் தாய் நிறுவனமே தேர்ந்தெடுத்து முன்மொழியும். மாணவர் வழக்கமான கட்டணத்தை இங்கேயே செலுத்துவதால், அங்குள்ள நிறுவனம் பொதுவாகப் பயிற்றுக் கட்டணம் கேட்பதில்லை. பருவ முடிவில் அங்கிருந்து கிடைப்பது மதிப்பெண் சான்று மட்டுமே. பட்டத்தை வழங்குவது தாய்ப் பல்கலைக்கழகம். இரு பல்கலைக்கழகங்களும் ஒரு மாணவரும் மட்டுமே இடம்பெறும் இந்த ஏற்பாட்டில், இடத்தை விற்பதற்கு மூன்றாம் ஆளிடம் எதுவும் இல்லை.

அப்படியானால் ஏஜென்ட் விற்பது எது? பெரும்பாலும் அது சில வாரக் கோடைக்கால வகுப்பாகவோ, மொழிப் பயிற்சியாகவோ, புகழ்பெற்ற பல்கலைக்கழகம் இருக்கும் அதே ஊரில் நடக்கும் தனியார் நிறுவனத்தின் படிப்பாகவோ இருக்கும். இவை சட்டவிரோதமானவை அல்ல. ஆனால் இவற்றுள் எதுவும் பரிமாற்றப் பருவம் அன்று. ஒப்பந்தம் இல்லாத மாணவர் தாமாகவே விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, வருகை மாணவராக ஒரு பருவம் படிக்கும் வழியும் சில பல்கலைக்கழகங்களில் உண்டு. அந்த விண்ணப்பத்தையும் மாணவரே நேரடியாக அனுப்பலாம் என்பதால் அங்கும் தரகருக்கு வேலையில்லை.

இன்னொரு தந்திரம் இதைவிட நுட்பமானது. ஜெர்மனிக்கு மாணவர் விசா கேட்போர் வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். அதற்குரிய வழக்கமான வழி முடக்கக் கணக்கு, அதாவது முன்கூட்டியே போட்ட தொகையை மாதந்தோறும் ஒரு வரம்புக்குள் மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு. 2024 செப்டம்பர் முதல் இந்த வரம்பு மாதத்திற்கு 992 யூரோ. ஆறு மாதத்துக்குக் கணக்கிட்டால் 5,952 யூரோ, ஐந்து லட்ச ரூபாய்க்கும் மேல். இது மாணவரின் சொந்தப் பணம்; வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அவரே எடுத்துச் செலவிடுவது. இதையும் ‘யுனிவர்சிட்டி ஃபீஸ்’ என்று பட்டியலில் எழுதிக் காட்டும் ஏஜென்டிடம் எந்தக் குடும்பமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கலாகாது.

நீலகிரி மாணவர் முதலில் தட்ட வேண்டிய கதவு வேறு. பிரிட்டிஷ் அதிகாரி ஜான் சல்லிவன் கட்டிய கல் பங்களா வளாகத்தில் 1955 முதல் இயங்கும் உதகை அரசு கலைக் கல்லூரி கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றது; உதகை ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரியோ மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் உறுப்பு. எனவே ஒரே ஊரில் படிக்கும் இருவரில் ஒருவர் கோவையிலும் மற்றவர் மைசூரிலும் எந்தெந்த ஒப்பந்தங்கள் நடப்பில் உள்ளன என்று கேட்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டம் வெளிநாட்டு மாணவருக்கு மாதம் 800 முதல் 900 யூரோ வரை உதவித்தொகையும் பயணப்படியும் தருகிறது. ஆனால் அதுவும் ஒப்பந்தமுள்ள நிறுவனத்தின் மாணவருக்கே கிடைக்கும்.

காலண்டரைப் பாராமல் ஊரைத் தேர்வது அடுத்த பிழை. தமிழகத்தின் ஒற்றைப்படை செமஸ்டர் ஜூன் வாக்கில் தொடங்கி நவம்பரில் தேர்வோடு முடிகிறது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் குளிர்காலப் பருவ வகுப்புகளோ அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி வரை நீள்வதால், அவை இங்குள்ள இரு செமஸ்டர்களையும் வெட்டிச் செல்கின்றன. ஆகஸ்டு இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ தொடங்கும் ஸ்வீடனின் உப்சாலா, நெதர்லாந்தின் லைடன் போன்றவை ஓரளவு பொருந்தும். எதைத் தேர்ந்தாலும், எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்பதைப் புறப்படுமுன் எழுத்தில் வாங்காதவர் அரியரோடுதான் திரும்புவார். ஐரோப்பாவில் ஓராண்டுக்கு 60 கிரெடிட். இந்தியாவின் தேசியக் கிரெடிட் சட்டகத்தில் 40. ஆகவே அங்கு ஈட்டும் 30 இங்கு ஏறத்தாழ 20க்குச் சமம். ‘பத்து குறைந்துவிட்டது’ என்று பின்னர் புலம்புவதில் பொருளில்லை.

எஞ்சிய நம்பிக்கைகளுக்குச் சுருக்கமான விடை போதும்.

நம்பிக்கை: மலையில் பிறந்தவருக்கு ஐரோப்பியக் குளிர் ஒரு பொருட்டன்று.
உண்மை: உதகையின் உறைபனி விடியலில் பழகியது நன்றே. ஆனால் அங்கே அறைகள் சூடாக்கப்படுவதால், எஸ்டேட் லைன் வீட்டில் டிசம்பர் இரவைக் கழித்தவருக்கு உள்ளே கதகதப்பாகவே இருக்கும். படுத்துவது இருட்டு: டிசம்பர் இறுதியில் உப்சாலாவில் பகல் ஏறத்தாழ 6 மணி நேரம், உதகையில் 11 மணி நேரத்துக்கு மேல்.

நம்பிக்கை: சேர்க்கை கிடைத்தால் விடுதி அறையும் கிடைக்கும்.
உண்மை: இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம். லைடன், இத்தாலியின் பொலோனியா போன்ற ஊர்களில் அறை கிடைப்பதே பெரும்பாடு.

நம்பிக்கை: எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில்தான்.
உண்மை: ஜெர்மனியில் இளநிலைப் படிப்புகளில் பெரும்பாலானவை ஜெர்மனில் நடக்கின்றன, ஆங்கில வழி முதுநிலையிலேயே மிகுதி.

நம்பிக்கை: எவ்வளவு பழமையோ அவ்வளவு தரம்.
உண்மை: பொலோனியா தன் தொடக்கமாகக் கொண்டாடும் 1088 என்ற ஆண்டு, 1888 விழாவை முன்னிட்டுக் கவிஞர் கார்டுச்சி முதலியோர் அடங்கிய குழு குறித்த ஆண்டு. ஹைடல்பெர்க் 1386இல் தோன்றியது. ஆனால் அதன் அறிவியல் மாணவர் பயில்வது நெக்கர் ஆற்றுக்கு அப்பாலுள்ள புதிய வளாகத்தில்.

பழமையைத்தான் தேட வேண்டும் என்றால், நீலகிரியின் பழமை ஐரோப்பாவில் எங்கே கிடக்கிறது என்று தேடுவதே அறிவுடைமை. 1846இல் கேத்தியில் கால் பதித்த பாசல் மிஷனின் ஆவணக் காப்பகம் இன்றும் பாசல் நகரில் உள்ளது; அவ்வூர்ப் பல்கலைக்கழகம் 1460இல் தோன்றி, சுவிட்சர்லாந்தின் மிகப் பழைய பல்கலைக்கழகமாக விளங்குகிறது. ஹட்டி எனப்படும் படகர் சிற்றூர்களில் பல ஆண்டுகள் திரிந்து இம்மலை மக்களைப் பற்றி நூல் எழுதிய மெட்ஸ் அந்த மிஷனைச் சேர்ந்தவர். பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்ட ஒரு ஹட்டி இளைஞர் அக்காப்பகத்திலுள்ள மிஷனரிகளின் கடிதங்களிலிருந்து எடுத்து வரக்கூடியவற்றை வெளியாள் எவரும் எடுத்துத் தர முடியாது. 1901–02இல் தோடர் குடியிருப்புகளான மந்துகளில் கள ஆய்வு செய்த மானுடவியலாளர் ரிவர்ஸ் கேம்பிரிட்ஜிலிருந்து இங்கு வந்தார். மலையிலிருந்து அங்கே போய் ஆராய்வோர் பெருக வேண்டிய காலம் இது.

அதற்குக் கல்லூரிகள் செய்ய வேண்டியது எளிது: நடப்பிலுள்ள ஒப்பந்தங்கள், இடங்களின் எண்ணிக்கை, முன்மொழிவின் கடைசி நாள் ஆகியவற்றை ஒவ்வொரு ஜூனிலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் வதந்தியின் வேரே அறுந்துவிடும். அப்பட்டியலில் ஒரு பெயரும் இல்லையென்றால், ஏஜென்டுக்கு முன்பணம் கட்டுவதை விட்டுத் துணைவேந்தருக்கு மனு எழுதுவதே மாணவர் செய்ய வேண்டிய வேலை.