அட்டையில் ஒரு ஸ்டாண்டு

கேள்வி: மகனின் நின்டெண்டோ ஸ்விட்ச் மேசையில் நிற்காமல் சாய்ந்து விழுகிறது. செலவில்லாமல் அட்டையிலேயே ஸ்டாண்டு செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, லேக் மார்க்கெட், கொல்கத்தா

பதில்: தாராளமாகச் செய்யலாம். அட்டையை மடித்து பியானோ, தூண்டில், வீடு எனச் செய்துகொள்ளும் ‘லேபோ’ தொகுப்பை நின்டெண்டோவே 2018-இல் விற்றது. உங்களுக்கு வீட்டில் கிடக்கும் பார்சல் பெட்டியே போதும். புது அட்டைதான் வேண்டுமென்றால், சியால்தா அருகே பைட்டக்கானா பஜாரில் காகிதக் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

20 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். அட்டைக்குள் இருக்கும் நெளிகள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும்; அப்போதுதான் எடை தாங்கும். மை தீர்ந்த பேனாவால் நடுவில் அழுத்திக் கோடு இழுத்து, செங்குத்தாக மடியுங்கள். மடித்தபடியே, முன் ஓரத்தில் 1 செ.மீ. தடுப்பு விட்டு, அடியிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் பள்ளம் வெட்டுங்கள். கருவியின் தடிமன் 14 மி.மீ.தான், ஆனால் இரு பக்கமும் விரிந்து நிற்பதால் பள்ளம் 2.2 செ.மீ. அகலம் வேண்டும். தடுப்பு 2 செ.மீ. உயர்ந்தால் போதும். பள்ளத்தின் பின்சுவரை உச்சிவரை பின்னோக்கிச் சாய்த்து வெட்டுங்கள். புத்தகம்போல விரித்து நிறுத்தினால் ஸ்டாண்டு தயார். அடியில் சார்ஜர் வயருக்கும் இடம் இருக்கும்.

கருவியின் மேலும் பின்னும் உள்ள காற்றுத் துளைகளை அட்டை அடைக்கக் கூடாது. கொல்கத்தா மழைக்கால ஈரத்தில் அட்டை நமுத்துவிடும். தளர்ந்ததும் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். கத்தியை நீங்கள் பிடியுங்கள். அளப்பதையும் மடிப்பதையும் மகனிடமே விடுங்கள்.