கைதி கட்டிய நகரம்

நுழையும்முன்

குற்றவாளியை ஊரைவிட்டு விலக்கி, கடல்கடந்த நாட்டுக்கு அனுப்புவதைத் தண்டனையாகக் கொண்டிருந்தது பிரித்தானியப் பேரரசு. அவ்வாறு அனுப்பப்பட்டோருள் ஒருவர் பிரான்சிஸ் கிரீன்வே. கைதியாகச் சிட்னியில் இறங்கிய அவர், அந்நகரின் முதன்மையான கட்டடங்களை வடிவமைத்தார். அவருடைய வாழ்வைக் கூறுகிறது இப்பாடம்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருநூற்றுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கச் சட்டம் இடம் தந்தது. குதிரையைத் திருடினாலும், பத்திரத்தில் பொய்யாக எழுதினாலும் தூக்குதான். எனினும், தண்டனை பெற்ற அனைவரையும் தூக்கிலிட அரசே தயங்கியது. பலரது தண்டனையைக் குறைத்துக் கடல்கடத்தியது. தொடக்கத்தில் கைதிகள் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். அமெரிக்கா விடுதலைப் போரில் இறங்கியதும் அவ்வழி அடைபட்டது. மாற்றிடமாக ஆஸ்திரேலியா தேர்ந்தெடுக்கப்பட்டது. 1788 சனவரியில் பதினொரு கப்பல்கள் கைதிகளையும் காவலர்களையும் ஏற்றிக்கொண்டு அங்குச் சேர்ந்தன. கரையில் அவர்கள் கூடாரம் அடித்த நிலம் ஆளில்லா நிலமன்று. கடிகல் என்னும் தொல்குடியினர் வழிவழியாக வாழ்ந்த மண். அவர்களுடைய இசைவை எவரும் கேட்கவில்லை. 1868 வரை ஏறத்தாழ 1,62,000 கைதிகள் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

தெரிந்து தெளிவோம்
இத்தண்டனை தமிழில் 'தீவாந்தரத் தண்டனை' எனப்பட்டது. 1908இல் வ.உ.சிதம்பரனாருக்கு விதிக்கப்பட்டதும் இதுவே. எனினும், அவர் தீவுக்கு அனுப்பப்படாமல் கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் அடைக்கப்பட்டார்.

கிரீன்வே 1777இல் பிரிஸ்டல் நகரை அடுத்த சிற்றூரில், கட்டுமானத் தொழில் செய்துவந்த குடும்பத்தில் பிறந்தார். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜான் நாஷிடம் பணியாற்றித் தேர்ந்தார். பிறகு உடன்பிறந்தாருடன் சேர்ந்து தொழில் நடத்தினார். 1809இல் அந்நிறுவனம் கடனில் மூழ்கியது. அந்நெருக்கடியில்தான் அவர் தவறினார். கட்டட ஒப்பந்தம் ஒன்றின் பகுதியெனத் தோன்றும்படி பொய் ஆவணம் உருவாக்கிய குற்றம் அவர்மீது சாட்டப்பட்டது. 1812இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தூக்குத் தண்டனை பெற்றார். பின்னர் அது பதினான்கு ஆண்டுக் கடல்கடத்தலாகக் குறைக்கப்பட்டது. பிரிஸ்டல் சிறையில் காத்திருந்த நாள்களில், உடனிருந்த கைதிகளின் அன்றாட வாழ்வை அவர் ஓவியங்களாகத் தீட்டினார்.

'ஜெனரல் ஹெவிட்' என்னும் கப்பல் அவரை ஏற்றிச்சென்றது. அதில் ஏறிய முந்நூறு கைதிகளுள் முப்பத்துநால்வர் வழியிலேயே நோயால் மாண்டனர். 1814 பிப்ரவரியில் கப்பல் சிட்னி வந்தடைந்தது. அக்கப்பலின் நிலையையும் பின்வந்த இரு கப்பல்களின் நிலையையும் ஆராய்ந்து அறிக்கை அளித்தவர் மருத்துவர் வில்லியம் ரெட்பர்ன். கடற்படைக் கலகத்தில் ஈடுபட்டதற்காகக் கடல்கடத்தப்பட்ட அவரும் முன்னாள் கைதியே. அவருடைய பரிந்துரையைப் பின்பற்றி, கைதிக் கப்பல்களில் தகுதியுள்ள மருத்துவர்கள் அமர்த்தப்பட்டனர். கடலில் நேர்ந்த இறப்புகள் பெரிதும் குறைந்தன. கிரீன்வேயின் மனைவியும் மூன்று குழந்தைகளும் சில மாதங்களில் வேறொரு கப்பலில் வந்து சேர்ந்தனர்.

அப்போது ஆளுநராக இருந்தவர் லக்லன் மக்குவாரி. கிரீன்வேயின் திறமையைப் பாராட்டி, முதல் ஆளுநரான ஆர்தர் பிலிப் அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். எனவே, நூலொன்றில் கண்ட வரைபடத்தை அளித்து, அதைப் படியெடுத்துத் தருமாறு கிரீன்வேயைப் பணித்தார் மக்குவாரி. கைதியாயிற்றே, பணிந்துபோவார் என்றுதான் எவரும் எண்ணுவர். கிரீன்வேயோ, பிறர் வரைந்ததைப் பார்த்து வரைவது தம் தகுதிக்கு இழுக்கு என்னும் பொருள்பட மறுமொழி எழுதினார். ஆளுநர் சினந்தார்; ஆயினும் அவரைக் கைவிடவில்லை. குடியேற்றத்துக்குள் சொந்தமாகத் தொழில் செய்துகொள்ள இசைவுச்சீட்டு வழங்கப்பட்டது. 1816இல் நாளொன்றுக்கு மூன்று ஷில்லிங் ஊதியத்தில் அரசுக் கட்டடக் கலைஞராகவும் அமர்த்தப்பட்டார்.

முதற்பெரும் பணி துறைமுக வாயிலில் எழுந்த கலங்கரை விளக்கம். கிடைத்த மணற்கல் மிக மென்மையானது, நெடுநாள் தாங்காது என்று கிரீன்வே முன்னரே எச்சரித்தார். அது அவ்வாறே உதிர்ந்தது. 1883இல் ஜேம்ஸ் பார்னெட் என்பவர் ஏறத்தாழ அதே வடிவில் புதியதொன்றை எழுப்பினார். 1817 திசம்பரில் அவ்விளக்கத்தைப் பார்வையிட வந்தபோது, மக்குவாரி நிபந்தனையுடன் கூடிய மன்னிப்பைக் கிரீன்வேக்கு வழங்கினார்.

அடுத்தது ஹைட் பார்க் குடியிருப்பு. அதுவரை அரசுப்பணி செய்த கைதிகள் இரவில் தங்குமிடத்தைத் தாமே தேடிக்கொண்டனர். அறுநூறு பேர் தங்கும்படி மூன்றடுக்குச் செங்கற் கட்டடம் ஒன்றைக் கிரீன்வே வடிவமைத்தார். கைதிகளை அடைத்துவைக்கும் இடத்தைக் கைதியொருவரே வடிவமைக்க, கைதிகளே கட்டிமுடித்தனர். அளவொத்த சாளரங்களும் முகப்பில் கடிகாரமும் கொண்ட அது, சிறைக்கூடமாகத் தோன்றாமல் மாளிகைபோல் நின்றது. 1819இல் அது திறக்கப்பட்டது; அவ்வாண்டில் கிரீன்வேக்கு முழு மன்னிப்பும் கிடைத்தது. வின்சரில் புனித மத்தேயு தேவாலயம், சிட்னியில் புனித யாக்கோபு தேவாலயம், கோட்டை போன்ற ஆளுநர் குதிரைலாயம் ஆகியனவும் அவருடைய படைப்புகளே.

மன்னிப்பு ஆவணம் கிடைத்துவிட்டால் மதிப்பும் கிடைத்துவிடுமா? தண்டனை முடிந்தவரைப் பிற குடிமக்களுக்கு இணையாக நடத்த வேண்டும் என்பது மக்குவாரியின் கொள்கை. தாமாக வந்து குடியேறிய செல்வர்களும் படை அலுவலர்களும் அதை ஏற்கவில்லை. 1816இல் படைத்தலைவர் ஒருவர் கிரீன்வேயைச் சாட்டையால் அடித்தார். வழக்கில் அடித்தவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. இழிவு துடைக்கப்பட்டதா என்பது வேறு கேள்வி.

இலண்டனுக்கும் மனநிறைவில்லை. கடல்கடத்தல் என்றாலே மக்கள் அஞ்ச வேண்டும். அங்கோ கைதிகள் அரசுப் பதவி வகிக்கின்றனர், மாளிகைகள் எழுகின்றன! இதை ஆராய 1819இல் ஜான் பிக் என்னும் ஆணையர் அனுப்பப்பட்டார். அவர் கட்டடச் செலவுகளைக் கடிந்தார். நீதிமன்றத்திற்கென எழுப்பப்பட்டுவந்த கட்டடமொன்று அவர் சொற்படி தேவாலயமாயிற்று. மேலே கூறிய புனித யாக்கோபு தேவாலயமே அது.

கிரீன்வேயின் குணமும் அவருக்கு உதவவில்லை. செருக்குடன் பேசினார், ஊதியத்திற்குமேல் கட்டடங்களின் மதிப்பில் பங்கு கேட்டு நட்புகளை இழந்தார். மக்குவாரி நாடு திரும்பிய 1822ஆம் ஆண்டிலேயே, புதிய ஆளுநர் பிரிஸ்பேன் அவரைப் பணிநீக்கினார். அதன்பின் அவருக்குப் பெரும்பணி எதுவும் வாய்க்கவில்லை. ஹண்டர் ஆற்றங்கரையில் வறுமையில் உழன்று, 1837 செப்டம்பரில் மறைந்தார். மெய்ட்லாந்தில் அடையாளக்கல் இல்லாத குழியில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

ஹைட் பார்க் குடியிருப்பு இன்று அருங்காட்சியகம். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களுள் சேர்ந்தது. குதிரைலாயம் இசைக்கல்லூரியாக விளங்குகிறது. 1966இல் ஆஸ்திரேலியா புதிய நாணய முறைக்கு மாறியபோது வெளியிட்ட பத்து டாலர் தாளில் கிரீன்வேயின் முகம் அச்சிடப்பட்டது. பொய் ஆவணம் எழுதித் தண்டனை பெற்றவரின் உருவத்துடன் அத்தாள் 1993 வரை வெளியாகிவந்தது.