ஒரே வேளையில் மிகு குடி: மாணவர் அறிய வேண்டியவை

வாரத்தில் ஒரு நாள் மட்டும் அருந்தினால் தீங்கில்லை என்ற எண்ணம் கல்லூரி மாணவர் சிலரிடையே உண்டு. இது தவறாகும். ஒரே வேளையில் அருந்தும் அளவும் வேகமுமே உடனடி ஆபத்தை விளைவிக்கின்றன. ஒரே வேளையில் 60 கிராமோ அதற்கு மேலோ ஆல்கஹால் உட்கொள்வதை உலக சுகாதார நிறுவனம் மிகு குடி என வகைப்படுத்துகிறது. 42.8 சதவீதச் செறிவுள்ள மதுவில், 'குவார்ட்டர்' எனப்படும் 180 மில்லி லிட்டர் புட்டி ஒன்றிலேயே ஏறத்தாழ இவ்வளவு அடங்கியுள்ளது. அது உடலை விட்டு நீங்க 6 மணி நேரத்திற்கு மேலாகும்; ஏனெனில் கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் வரையே சிதைக்க வல்லது.

மயங்கிய நண்பனை 'உறங்கட்டும்' என விட்டுச் செல்வது பெருந்தவறு. வயிற்றில் எஞ்சிய மது குருதியில் மேலும் கலப்பதால் மூச்சு தளரலாம். வாந்தி மூச்சுக்குழலை அடைக்கலாம். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனிருந்து, 112 எண்ணை அழைத்தல் வேண்டும்.

தண்டனைக்கு அஞ்சி மாணவர் இதனை மறைப்பதுண்டு. எனவே, உதவி கோருவோரைத் தண்டிப்பதில்லை என்ற விதியை விடுதி நிர்வாகங்கள் வகுத்தல் நலம். பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துதல் அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்று என அரசியலமைப்பின் 47ஆவது பிரிவு கூறுகிறது. விடுதி அறையும் அக்கடமைக்கு உட்பட்டதே.