நோயாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களை நம் இல்லத்துப் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லுமுன்பே மனப்பாடம் செய்துவிடுகின்றனர். அவற்றுள் முதலிரண்டும் ஒன்றோடொன்று மோதக்கூடும் என்பதை நாம் ஒரு மருத்துவமனையில்தான் கற்றோம்.

1980களின் இறுதியில் எம் மாமியார் நீரிழிவோடு காற்புண்ணும் கண்டு ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மாலை ஐந்தரை மணிக்கு மாத்திரை. ஏழரை மணிக்கு உணவு. கதிரவன் மறைந்தபின் உண்ணாமையை இளமை முதல் காத்து வந்தவர், மாத்திரையை விழுங்கிவிட்டு உணவைத் திருப்பி அனுப்பினார். குறிப்பேட்டில் "உணவு மறுத்தார்" என்று எழுதப்பட்டது. இரண்டாம் நாளும் அவ்வாறே. மூன்றாம் இரவு சர்க்கரை மிகத் தாழ்ந்து, உடல் வியர்வையில் நனைய, நினைவிழந்தார். குளுக்கோஸ் ஏற்றியபின்னரே கண் விழித்தார். மறுநாள் பயிற்சிச் செவிலியான ஓர் இளம்பெண் அருகில் அமர்ந்து, "ஏன் பாட்டி, ராத்திரி சாப்பிட மாட்டேங்கறீங்க?" என்று கேட்டார். விடை தெரிந்ததும் உணவு மாலையிலேயே வந்தது. மருந்து எதுவும் மாற்றப்படவில்லை.

இதில் பிறரை மட்டும் குறை கூறுதல் பொருந்தாது. வினாக் கேட்பதையே தொழிலாகக் கொண்டிருந்த நாம், பள்ளி முடிந்து இரவில் சென்று பார்த்துவிட்டுத் திரும்பினோமேயன்றி, அவருடைய ஒழுக்கத்தைச் சேர்க்கையின்போது மருத்துவரிடம் சொல்லவில்லை. சொல்ல நாணினோம். அந்த நாணம் ஓர் உயிரை வாங்கியிருக்கும்.

அவ்விளம்பெண் தானாகக் கேட்ட கேள்வியை முறையாகக் கேட்கப் பயிற்றுவிப்பதே, உடல்நலப் பணியில் ஆன்மிகமும் பண்பாடும் என்னும் மேற்படிப்புத் துறை. அதன் வரலாற்றையும் முறையையும் எல்லையையும் இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

1. துறை வளர்ந்த வரலாறு

அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்னும் சமய போதகர் 1920ஆம் ஆண்டில் மனநோயுற்று மருத்துவமனையில் அடைபட்டார். குணமடைந்து வெளிவந்தவர், தம் துன்பத்தின் பொருளை அங்கு எவரும் கேட்கவில்லை என்பதை மறக்கவில்லை. 1925ஆம் ஆண்டு வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர் சிலரை அழைத்து வந்து, நூல்களைப் படிப்பது போலவே நோயாளரையும் பொறுமையுடன் படிக்கக் கற்பித்தார். மருத்துவமனையிலேயே சமயப் பணியாளர் பயிற்சி பெறும் கல்விமுறை இதிலிருந்து வளர்ந்தது.

இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் முதலில் செவிலியாகவும், பின்னர் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து, இறுதியில் மருத்துவரானவர். 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். சாகும் தறுவாயில் இருப்பவரின் வலி உடலை மட்டும் பற்றியதன்று. மனம், குடும்பம், ஆன்மா ஆகியவற்றையும் பற்றியது என்று கண்டு, அதனை "முழு வலி" என்றார். நம் நாட்டில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலித்தணிப்புச் சங்கம் இவ்வழியில் வந்த பணியே.

இன்று இப்பாடத்தைப் பல்கலைக்கழகங்களில் பட்டமேற்படிப்பு நிலையில் கற்கலாம். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆன்மிக, நலப்பேற்று மையம் 1995இலும், வாஷிங்டன் நகரத்து ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆன்மிக, உடல்நல நிறுவனம் 2001இலும் தோன்றின. மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், சமயப் பணியாளர் ஆகியோர் ஒரே வகுப்பில் அமர்ந்து பயில்வது இத்துறையின் சிறப்பு.

2. பண்பாட்டை அறியாமையின் விலை

இத்துறை மாணவர் பலரும் படிக்கும் ஒரு வரலாறு லியா லீ என்னும் குழந்தையினுடையது. லாவோசிலிருந்து அகதிகளாகக் கலிபோர்னியாவில் குடியேறிய ஹுமாங் இனப் பெற்றோர்க்கு 1982இல் பிறந்தவள். வலிப்பு நோய் கண்டது. மருத்துவர் அதனை மூளையின் கோளாறு என்றனர். பெற்றோர், அச்சத்தால் ஆன்மா உடலைவிட்டு அகன்றது என்றனர். மொழிபெயர்ப்பாளர் போதவில்லை, மருந்துச் சீட்டோ பலமுறை மாறியது. இரு தரப்பும் குழந்தையை நேசித்தன. ஒரு தரப்பை மறுதரப்பு புரிந்துகொள்ளவில்லை. 1986இல் நேர்ந்த பெரும் வலிப்புக்குப்பின் அவள் உணர்வு திரும்பவில்லை. 2012இல் மறைந்தாள். ஆன் ஃபேடிமன் என்னும் எழுத்தாளர் 1997இல் இதனை நூலாக்கினார்.

மனநல மருத்துவரும் மானிடவியலறிஞருமான ஆர்தர் கிளைன்மன் 1970களிலேயே இத்தகைய இடைவெளிக்கு ஒரு வழி கூறியிருந்தார். இந்நோயை நீங்கள் என்னவென்று அழைக்கிறீர்கள்? எதனால் வந்ததாகக் கருதுகிறீர்கள்? இதில் உங்கள் பேரச்சம் எது? இத்தகைய எளிய வினாக்களை மருத்துவர் முதலில் கேட்க வேண்டும் என்றார். நோயாளர் கூறும் விடையை மருத்துவர் ஏற்க வேண்டுவதில்லை; அறிந்துகொண்டால் போதும். ஒரு பொருளைப் பல நோக்கில் காணச் சொல்லும் அநேகாந்தம் பயின்ற நமக்கு இது புதிதன்று.

3. கேட்கும் முறை

ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக நிறுவனத்தைத் தொடங்கிய மருத்துவர் கிறிஸ்டினா புகால்ஸ்கி, 1996இல் சக மருத்துவருடன் சேர்ந்து நான்கு படிகளை வகுத்தார். முதலாவது, நோயாளருக்கு வாழ்வில் பொருள் தரும் நம்பிக்கை யாது? இரண்டாவது, உடல்நலம் பற்றிய முடிவுகளில் அதற்கு எவ்வளவு இடம்? மூன்றாவது, துணைநிற்கும் சமூகம் எது? நான்காவது, இவற்றை மருத்துவத்தில் எவ்வாறு கருத்திற்கொள்வது? இந்த நான்காம் படியே கேட்டதைச் செயலாக்குவது. எம் மாமியாரின் உணவு மாலைக்கு மாறியது அதற்குச் சான்று. கேட்பவர் தம் சமயத்தைப் புகுத்தலாகாது என்பதும் இப்பயிற்சியில் வற்புறுத்தப்படும்.

4. எல்லை

ஆன்மிகம் மருந்துக்கு மாற்றாகாது. 2006இல் அமெரிக்காவில் இதய அறுவை செய்துகொண்ட 1,802 பேரிடம் நிகழ்ந்த ஆய்வு வெளிவந்தது. அவர்க்காக முகமறியாதோர் வேண்டுதல் செய்தும், செய்யாமலும் பார்த்தனர். வேண்டுதல் நடப்பதை உறுதியாக அறியாதவரிடையே, அது நடந்தவர்களில் 52 விழுக்காட்டினர்க்கும், நடவாதவர்களில் 51 விழுக்காட்டினர்க்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. வேண்டுதல் நடப்பதை உறுதியாக அறிந்தவர்களில் அது 59 விழுக்காடாக இருந்தது. வேண்டுதலால் அறுவை எளிதாகவில்லை. நோயாளரை மனிதராக மதித்து, அவர் ஏற்கும் வகையில் மருத்துவம் செய்வதே இத்துறையின் நோக்கம்.

5. நம் இல்லங்களுக்கு

மருத்துவமனையில் சேரும் அன்றே இரவு உண்ணாமை, கிழங்கு, தேன் விலக்கல், நோன்பு நாட்கள் ஆகியவற்றை மருத்துவரிடம் கூறி, குறிப்பேட்டில் எழுதச் செய்க. மருந்துக் கூடுகள் பலவும் விலங்கின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து பெறும் ஜெலட்டினால் ஆனவை. தாவரப் பொருளாலான கூடுகளும் உள்ளன. மாற்று உண்டா என்று கேட்பதில் தவறில்லை. ஆயின், மருந்தை நாமாக நிறுத்துவதும் நேரத்தை மாற்றுவதும் கூடா. நீரிழிவுடையோர் நோன்பு ஏற்குமுன் மருத்துவரைக் கலந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

நான்காம் தானமாகிய அபயம், அச்சம் நீக்குதல். நோயுற்றவரின் பேரச்சம் எதுவெனக் கேட்டுச் செவிமடுப்பவர் அத்தானத்தைத் தொடங்கிவிட்டார். பயிற்சிக் காலத்திலேயே அதனைச் செய்த அந்தச் செவிலியின் பெயரைக்கூட நாம் அன்று கேட்கவில்லை. அக்குறை இன்றும் எம் நெஞ்சில் உள்ளது.

சிந்திக்க:

1. நும் இல்லத்து முதியோரின் ஒழுக்கங்கள் அவர்தம் மருத்துவருக்குத் தெரியுமா?
2. "உணவு மறுத்தார்" என்னும் குறிப்பில் விடுபட்ட கேள்வி யாது?
3. லியாவின் பெற்றோரிடம் மருத்துவர் முதலில் எதனைக் கேட்டிருக்கலாம்? பிள்ளைகளோடு கலந்துரையாடுக.