ஆனி மாத ஆலோசனை: விதைக்கு முன் மண்

ஆடிப்பட்டத்துக்கு விதை வாங்கியாயிற்றா? பாக்கெட்டைப் பிரிக்காமல் எடுத்து வையுங்கள். அடுத்த எட்டு வாரமும் மண்ணுக்கு உரியவை. ஆடி தப்பிவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஆடி முடிவதற்குள் நட்டுவிடலாம். கீழே உள்ள அளவுகள் 100 சதுர அடிப் பாத்திக்கு.

ஆனி முதல் வாரம்
பாத்தியை முக்கால் அடி ஆழத்துக்குக் கொத்தி, தண்ணீர் பாய்ச்சுங்கள். ஈரம் பதமானதும் 50 கிராம் சணப்பு விதையைத் தூவி, லேசாகக் கிளறி மூடுங்கள். சணப்பு கிடைக்காவிட்டால் தட்டைப்பயறு.

ஆனி கடைசி வாரம்
கத்தரி, தக்காளி, மிளகாய் விதைகளைக் குழித்தட்டில் போடுங்கள். பாத்தி தயாராகும் நேரத்தில் நாற்றும் கைக்கு வரும். ஒரு சணப்புச் செடியைப் பிடுங்கி, வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஆடி இரண்டாம் வாரம்
விதைத்த 40, 45 நாளில் சணப்பு பூ எடுக்கும். உடனே அறுத்து, துண்டாக நறுக்கி, மண்ணோடு மடக்கிவிடுங்கள். தள்ளிப்போட்டால் தண்டு நாராகி மட்கத் தாமதமாகும். கயிறு திரிக்கும் செடி அல்லவா!

பிறகு இரண்டு வாரம் பொறுங்கள். இடையிடையே தண்ணீர் மட்டும் தெளியுங்கள். பச்சைத்தழை மட்கும்போது சூடு கிளம்பும். அவசரப்பட்டு ஊன்றிய விதை அழுகிப்போகும்.

ஆடி கடைசி வாரம்
நன்கு மட்கிய தொழுவுரம் 20 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 250 கிராம் கலந்து கொத்திவிட்டு, நாற்றை நடுங்கள். வெண்டை, அவரை, சுரை விதைகளை நேரடியாக ஊன்றலாம். ஆடிக்காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால், செடியைச் சுற்றி இரண்டு அங்குலம் சருகு மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம்.

மாடித்தோட்டக்காரர்களுக்கு
தொட்டி மண்ணைக் கொட்டி, பழைய வேர்களை நீக்கி, நிழலில் ஆறவிடுங்கள். இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மண்புழு உரம் சேர்த்து மறுபடி நிரப்புங்கள்.

தவிர்க்க வேண்டியவை
மட்காத சாணம் போடாதீர்கள். வண்டுப் புழுவும் கறையானும் கூடவே வரும். ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் பாயும் மண்ணில் அடுப்புச் சாம்பல் வேண்டாம், காரத்தன்மை ஏறும். வாசலில் கூட்டிய சருகுக்குத் தீ வைக்காமல் இன்றே ஒரு சாக்கில் சேர்க்கத் தொடங்குங்கள். ஆடிக் கடைசியில் மூடாக்குக்கு அதுதான் கைகொடுக்கும்.