ஏரியை இடப்பக்கம் வை

அன்புள்ள கண்ணம்மா,

பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளில் செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றிவர முடியுமா, கியர் வைத்த சைக்கிள் வாங்கியே ஆகவேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக முடியும். கியர் முக்கியமாக ஏற்றத்துக்குத்தான் வேண்டும். பூந்தமல்லியில் கிளம்பி ஸ்ரீபெரும்புதூர் போய், அங்கிருந்து குன்றத்தூர் வந்து, மாங்காடு வழியாக வீடு சேரும்வரை மேம்பாலங்களைத் தவிர ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. உயரமென்றால் குன்றத்தூர் முருகன் மலைதான். அதற்கும் 84 படி. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு ஏறிக்கொள்ளலாம்.

ஏற்றம் இல்லாததால் எளிது என்று எண்ணிவிடாதே. இந்தப் பக்கத்தில் ஒரு பாதை கடினமா இல்லையா என்பதைக் காற்றும் வெயிலும் லாரியும்தான் முடிவு செய்கின்றன. எத்தனை கி.மீ. என்பதைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.

முதலில் ஏரி எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொள். நம் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகக் கடலைப் பார்த்துச் சரிகிறது. அதனால் கரையைக் கிழக்கே போட்டிருக்கிறார்கள். தண்ணீர் அதற்கு மேற்கே பரந்து கிடக்கிறது. முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. வடக்கே பெங்களூர் நெடுஞ்சாலை, தெற்கே குன்றத்தூர்–ஸ்ரீபெரும்புதூர் சாலை, கிழக்கே குன்றத்தூரையும் பூந்தமல்லியையும் இணைக்கும் மாங்காட்டுச் சாலை. மூன்றையும் சேர்த்தால் 45, 50 கி.மீ. வரும். ஏரியைச் சுற்றுகிறோம் என்று பெயர்தானே தவிர, வழியில் அதிகம் பார்க்கப்போவது தொழிற்சாலை மதிலும் கல்யாண மண்டபமும்தான். தண்ணீரைப் பார்க்கவேண்டும் என்றால் செம்பரம்பாக்கம் ஊர்ப்பக்கம் கரையோரம் நின்று பார்த்துவிட்டுப் போ. கரைமேலேயே ஓட்டிவிடலாமே என்று உன் கூட்டாளிகள் சொல்வார்கள். தடுப்புப் போட்டிருக்கிற இடத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுகூட நுழையவேண்டாம். நகரத்தின் குடிநீரைத் தாங்கி நிற்கிற மண்கரை அது.

இனி எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்ற கேள்வி. கோயிலில் வலமாக வந்து பழகிய நமக்கு இதிலும் வலமாகப் போகத்தான் தோன்றும். அப்படிப் போகாதே. ஏரி எப்போதும் உன் இடக்கைப் பக்கம் இருக்கட்டும். பூந்தமல்லியிலிருந்து மேற்கே போகும்போது ஏரி இடப்பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் இடப்புறம் திரும்பிக் குன்றத்தூர் வரும்போதும் அப்படியே. குன்றத்தூரில் மறுபடி இடப்புறம் திரும்பி மாங்காட்டுக்கு வரும்போதும் அதே. நம் நாட்டில் இடப்பக்கமாகத்தான் ஓட்டுகிறோம் என்பதால் முக்கியமான திருப்பம் எதிலும் எதிரே வருகிற வண்டிகளின் குறுக்கே போகவேண்டியிருக்காது. வலமாகச் சுற்றினால் ஸ்ரீபெரும்புதூரில் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அந்த ஒரு இடமே போதும், உன் அம்மா அடுத்த வாரம் உன்னை அனுப்பமாட்டாள்.

இப்படிப் போவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. லாரிகளின் சாலையான நெடுஞ்சாலையை விடியற்காலையிலேயே முடித்துவிடுவாய். இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டையும் கார்த் தொழிற்சாலையும் விழித்துக்கொண்டபின் அங்கே கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும். ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சம் வந்ததும் கிளம்பு. ஜூன் தொடக்கத்தில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடும், ஜனவரிக் கடைசியில் ஆறரை தாண்டும். கடிகாரத்தைவிட வானத்தைப் பார்ப்பது நல்லது. மேற்கே போகும்போது வெயில் முதுகில் விழும். திரும்பி வரும்போது முகத்தில் அடிக்கும். கண் கூசுவது உனக்கு மட்டுமில்லை, உனக்குப் பின்னால் வருகிற ஓட்டுநருக்கும்தான். அவர் கண்ணில் படுகிற மாதிரி மஞ்சளோ ஆரஞ்சோ உடுத்திக்கொள். பின்னால் ஒளி திருப்பும் சிவப்பு வில்லை இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் சைக்கிள் கடையில் கேட்டு மாட்டிக்கொள்.

காற்றைப் பற்றி யாரும் உனக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். ஜூன், ஜூலையில் மேல்காற்று பலமாக வீசும். காலையில் மேற்கே மிதிக்கும்போது அது நெஞ்சில் மோதும். கிழக்கே திரும்பியதும் முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். களைத்துப்போகிற பாதிக்குக் காற்று துணை நிற்பதால் இந்தச் சுற்றுக்கு அது ஏற்ற காலம். அதே சுற்றை மாலையில் ஓட்டினால் கணக்கு தலைகீழாகிவிடலாம். வெயில் ஏறியபின் கடற்காற்று உள்ளே வரும். வீடு திரும்புகிற வழி முழுக்க எதிர்காற்றாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் வடகிழக்கிலிருந்துதான் வரும், திரும்பும் வழியில் அதுவும் எதிர்தான். எதிர்காற்றில் வேகத்தைப் பிடித்துவைக்கப் போராடாதே. குனிந்துகொள், மெதுவாக மிதி. ஒருவர் பின் ஒருவராகப் போனால் பின்னால் இருப்பவருக்குக் காற்றுப் பாரம் குறையும். முன்னால் போகிறவர் சிறிது நேரத்துக்கு ஒருமுறை மாறட்டும்.

உன்னோடு வருகிற எல்லாரையும் முதல் நாளே முழுச் சுற்றுக்கு இழுத்துப்போகாதே. மணிக்கு 12 கி.மீ. வேகம் என்றால் 48 கி.மீ.க்கு நான்கு மணி நேரம், நிற்பது தனி. பத்து மணி வெயிலில் மாங்காட்டுக் கடைத்தெருவில் மாட்டிக்கொள்வீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொடாத உன் அம்மாவுக்குக் குன்றத்தூரிலிருந்து தெற்குச் சாலையில் நந்தம்பாக்கம் வரை போய்வருவதே நல்ல தொடக்கம். போகவரப் பத்து கி.மீ. அளவுதான். அவள் சீட்டைச் சரிசெய்து கொடு: உட்கார்ந்து குதிகாலைப் பெடலின் கீழ்நிலையில் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். பெரும்பாலோர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முழங்கால் வலிக்கிறது என்று சைக்கிளைக் குறை சொல்கிறார்கள். அவளுக்குப் பழகியதும் அமரம்பேடு வரை நீட்டலாம். போன வழியே திரும்புகிற பயணத்தில், தெம்பு பாதி தீரும்வரை காத்திருக்காமல் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததுமே திரும்பிவிடு.

கால் பலம் குறைந்த உன் தோழிக்கு மூன்று சக்கர சைக்கிள் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அவளையும் கட்டாயம் கூட்டிப்போ, ஆனால் தெற்குச் சாலைக்கு மட்டும். அந்த வண்டி அகலமானது, நெடுஞ்சாலை ஓரத்தில் இடம் போதாது. இரண்டு சக்கரம் மாதிரித் திருப்பத்தில் சாயாது. வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தூக்கிக்கொள்ளும். சாலை ஓரம் சரிந்திருந்தால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும், கை சீக்கிரம் ஓயும். அவள் வேகம்தான் அன்றைக்கு எல்லாருடைய வேகமும். நீ அவளுக்குப் பின்னால், கொஞ்சம் வலப்பக்கமாக வா.

லாரியிடம் நடந்துகொள்ளவேண்டிய முறை ஒன்றுண்டு. நிற்கிற அல்லது மெல்லப் போகிற லாரியின் இடப்பக்கம் ஒருபோதும் நுழையாதே. ஓட்டுநர் வலப்பக்கம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இடப்பக்க முன்சக்கரத்தை ஒட்டி நிற்கிற சைக்கிள் அவர் கண்ணுக்குப் படாது. தொழிற்சாலை வாசலுக்குத் திரும்பும்போது முன்பாகம் கொஞ்சம் வலப்பக்கம் போகும், வழிவிடுகிறார் போல என்று தோன்றும். பின்பாகம் அப்படியே இடப்பக்கம் அறுத்துக்கொண்டு வரும். ஓரத்தில் நிறுத்தியிருக்கிற லாரியைத் தாண்டுவதற்கு முன் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துவிட்டு விலகு. சர்வீஸ் சாலையில் எதிர்த்திசையில் பைக் வரும். அது தப்புத்தான், அதை அவர்களுக்கு உணர்த்தும் வேலை உனக்கு வேண்டாம்.

குன்றத்தூரில் இட்லி சாப்பிட நிற்பீர்கள். அப்படியே சேக்கிழார் பிறந்த ஊர் இது என்று சின்னவர்களுக்குச் சொல். அவர் கட்டிய நாகேஸ்வரர் கோயிலும் அங்கேதான் இருக்கிறது. வழியில் மணிக்கு அரை லிட்டராவது தண்ணீர் குடியுங்கள்; உப்புப் போட்ட மோர் இருந்தால் இன்னும் நல்லது.

மழைக்காலத்தில் ஏரி நிறைந்து உபரிநீர் திறக்கப்போவதாகச் செய்தி வந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். திறந்த தண்ணீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாகத்தான் அடையாற்றுக்குப் போகிறது. 2015 டிசம்பரில் வினாடிக்கு 29,000 கன அடி போனது. தரைப்பாலத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடினாலும் சைக்கிளோடு உன்னையும் தள்ளிவிடும்.

டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கிற அளவுக்குக் காற்றை முந்தின நாள் சாயங்காலமே அடித்துவை. ஞாயிறு விடியற்காலையில் எந்தப் பஞ்சர் கடையும் திறந்திருக்காது. ஒரு டியூப், வால்வ் ரப்பர், ஸ்பானர், கைப்பம்பு நான்கும் உன் கூடையில் இருக்கட்டும். பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டத் தெரியுமா? தெரியாதென்றால் இந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வா.

அன்புடன்,
உன் பெரியம்மா