தோட்டத்துக் கமராவை மறைத்துக் கட்ட

நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் காட்டோரத்தில் உழுந்தோ கச்சானோ போட்டவர்களுக்கு, இரவில் வந்து மேய்ந்தது எது என்று தெரியவேண்டும். பன்றியா, புள்ளிமானா, பக்கத்து ஊர்க் கட்டாக்காலி மாடா? வில்பத்துவில் சிறுத்தைகளை ஆய்வு செய்பவர்கள் பயன்படுத்தும் தானியங்கிக் கமரா இதற்கும் உதவும். ஆனால் பெட்டி கண்ணில் பட்டால் மான் வழியை மாற்றும், குரங்கு பிடுங்கும், ஆட்கள் கழற்றிக்கொண்டு போவார்கள். மான், மரை வேட்டைக்கென்று இதைக் கட்டாதீர்கள். 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டப்படி அந்த வேட்டை குற்றம்.

1. பெட்டியைக் காட்டிக்கொடுப்பது நிறத்தைவிட அதன் நேர்விளிம்புகள்தான். தென்னம் பன்னாடையைக் கிழித்து விளிம்புகளில் ஒழுங்கில்லாமல் ஒட்டுங்கள். இடையிடையே தும்பு செருகலாம். லென்ஸ், அதன் கீழுள்ள உணரி, இரவு விளக்குகள் மூன்றையும் மட்டும் திறந்து விடுங்கள். கடையில் விற்கும் பச்சைப் புள்ளி உறை இங்கே அவ்வளவு எடுபடாது. வைகாசிக்குப் பிறகு வன்னிக் காடு பழுப்பும் சாம்பலுமாகிவிடும்.

2. பெட்டியைவிட அகலமான அடிமரத்தைத் தேடுங்கள். வெடித்த பட்டையுள்ள பாலை, வேம்பு நல்லது. மருதின் வழவழத்த வெளிர் பட்டையில் எதுவும் துருத்தித் தெரியும். மெல்லிய மரம் காற்றில் ஆடி வெற்றுப் படங்களை நிரப்பும்.

3. கறுப்பு நைலோன் பட்டிக்குப் பதிலாகத் தும்புக் கயிற்றால் கட்டுங்கள்.

4. பெயின்ற் அடிக்கவேண்டாம், மணம் நாட்கணக்கில் நிற்கும். புற்றுமண்ணைப் பசையோடு குழைத்துப் பூசினால் மினுக்கமும் போகும். மழையில் கரைந்தால் திரும்பப் பூசவேண்டியதுதான்.

5. பச்சைக் குழையால் முன்பக்கத்தை மூடாதீர்கள். உணரி பிடிப்பது அசையும் சூட்டை. வெயிலில் சூடேறிய இலை ஆடினாலே கமரா இயங்கும். இரவில் அருகிலுள்ள இலையும் சிலந்தி வலையும் வெளிச்சத்தில் வெளுத்து மிருகத்தை மறைத்துவிடும்.

6. மானுக்கும் பன்றிக்கும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரம் போதும். யானை நடமாட்டமுள்ள இடத்தில் ஏணி வைத்து உயரக் கட்டி, கீழ்நோக்கிச் சரித்து விடுங்கள். திருடர் பயத்துக்கும் இதுவே மருந்து, நடந்து போகிறவர் மேலே பார்ப்பது குறைவு.

7. வாங்கும்போது இரவு விளக்கைக் கேளுங்கள். 850 நானோமீற்றர் விளக்கு இருட்டில் செம்புள்ளியாகத் தெரியும். 940 கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அவ்வளவு தூரம் எட்டாது. மறைத்து வைக்க 940தான் சரி.

8. முகம் வடக்கே இருக்கட்டும். கிழக்கு, மேற்குப் பார்த்தால் காலை மாலை வெயில் படத்தைக் கெடுக்கும். சித்திரை வெக்கையில் சுற்றுப்புறச் சூடும் மிருகத்தின் சூடும் ஒன்றையொன்று நெருங்குவதால் உணரி பலதைத் தவறவிடும், அதனால் நிழலான இடம் பாருங்கள்.

9. மாரியில் பெட்டிக்குள் ஈரம் இழுக்கும் சிலிக்காப் பொட்டலம் போடுங்கள். முசுறு ஏறாமல் கட்டிய இடத்துக்கு மேலும் கீழும் கிறீஸ் வளையம் பூசலாம்.

10. அயலவருக்கும் கிராம அலுவலருக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். போர் நடந்த மண்ணில் மரத்தில் ஒளித்து வைத்த பெட்டியைக் கண்டால் ஆட்கள் பயப்படுவார்கள், அந்தப் பயம் நியாயமானது. அயல்வீட்டுக் கிணற்றடி படத்தில் விழக்கூடாது. மிதிவெடிப் பலகை உள்ள இடத்துக்கு நல்ல மரம் தேடிக்கூடப் போகவேண்டாம்.

11. படத்தில் கம்பிச் சுருக்கு வைப்பவரோ வாய்வெடி வைப்பவரோ தெரிந்தால் நேரில் போய் மறிக்காதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 இலக்கத்தில் சொல்லுங்கள். சிறுத்தை தெரிந்தாலும் அப்படியே. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊர் திரண்டதில் பலர் காயப்பட்டார்கள், சிறுத்தையும் அடிபட்டுச் செத்தது. திணைக்களத்தார் வரும்வரை பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருங்கள், படத்தை ஊரெல்லாம் அனுப்பிக் கூட்டம் சேர்க்கவேண்டாம்.